ஏழு முறை கலைத்தால் போதுமா?
பிடில் பயின்று புள்ளியியலுக்கு வந்த பெர்சி டயகோனிசின் ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

சீட்டுக் கட்டை ஒருவர் கலைக்கிறார். இரண்டு மூன்று முறை கலைத்ததும், "போதும், போடப்பா" என்று மற்றவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். சீட்டுகள் நன்றாகக் கலைந்துவிட்டன என்று எல்லோரும் நம்புகிறார்கள். எதை வைத்து நம்புகிறார்கள்? எத்தனை முறை கலைத்தால் கட்டில் பழைய வரிசையின் சுவடு இல்லாமல் போகும்? இக்கேள்வி விளையாட்டுத்தனமானது என்று தோன்றலாம். ஆனால் இதற்கு விடை காண முயன்றவர் அமெரிக்காவின் தலைசிறந்த புள்ளியியல் அறிஞர்களுள் ஒருவர். அவர் கண்ட விடை, சூதாட்ட மண்டபத்திலிருந்து போருக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் வரை, நம்மைச் சிந்திக்க வைக்கக் கூடியது. அவர்தாம் பெர்சி டயகோனிஸ். அவருடைய ஆராய்ச்சியையும், அவர் போற்றும் நெறிகளையும், பொழுதுபோக்கு என்று தொடங்கி அவர் தொழிலாகவே மாறிவிட்ட ஆர்வங்களையும் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

பிடிலும் வித்தையும்

டயகோனிஸ் 1945ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், இசையில் தோய்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை புகழ்பெற்ற ஜூலியார்டு இசைப் பள்ளியில் பிடில் பயின்றார். பிள்ளை பெரிய வித்துவான் ஆவான் என்று வீட்டார் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் அவர் மனம் சீட்டு வித்தையில் இருந்தது. பதினான்காம் வயதில், டை வெர்னன் என்ற பெயர் பெற்ற வித்தைக்காரருடன் ஊர் ஊராகச் சுற்றப் புறப்பட்டுவிட்டார். பள்ளியும் போயிற்று, பிடிலும் போயிற்று. பத்தாண்டுக் காலம் வித்தையே வாழ்க்கை.

அந்த நாட்களில் வில்லியம் ஃபெல்லர் எழுதிய நிகழ்தகவு நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. சீட்டையும் காசையும் பற்றியெல்லாம் பேசும் நூல் அது. ஆனால் நுண்கணிதம் தெரியாததால் அவரால் அதைப் படிக்க முடியவில்லை. அதைப் படிப்பதற்காகவே இருபத்து நான்காம் வயதில் நியூயார்க் சிட்டி கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தார். 1971இல் பட்டம் பெற்றார். கணிதப் புதிர்களை எழுதிப் புகழ்பெற்ற மார்ட்டின் கார்ட்னர், இந்த இளைஞரின் சீட்டு வித்தைத் திறனைப் பாராட்டி ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஃபிரடெரிக் மோஸ்டெல்லரும் வித்தையில் ஈடுபாடு உள்ளவர். 1974இல் டயகோனிஸ் டாக்டர் பட்டம் பெற்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 1982இல் மக்கார்தர் நிறுவனத்தின் பெருமைமிக்க நல்கை அவருக்குக் கிடைத்தது.

கலைத்தலின் கணக்கு

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். ஒன்று முதல் எட்டு வரை எண்கள் எழுதிய எட்டுத் துண்டுக் காகிதங்களை எடுத்து வரிசையாக அடுக்கிக்கொள்ளுங்கள். நடுவில் பிரித்து 1, 2, 3, 4 ஒரு கையிலும், 5, 6, 7, 8 மறு கையிலும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துவிடுங்கள். சான்றாக 1, 5, 2, 6, 7, 3, 4, 8 என்று வரலாம். கலைந்துவிட்டது போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் உற்று நோக்குங்கள். 1, 2, 3, 4 என்ற எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவரிசையிலேயே இருக்கின்றன. 5, 6, 7, 8உம் அவ்வாறே. அதாவது ஒருமுறை கலைத்த கட்டில் இரண்டு ஏறு தொடர்களுக்கு மேல் இருக்கவே முடியாது. இரண்டு முறை கலைத்தால் மிகுதியாக நான்கு, மூன்று முறை என்றால் எட்டு, ஐந்து முறை என்றால் முப்பத்திரண்டு.

இப்போது 52 சீட்டுகள் உள்ள முழுக் கட்டை எண்ணிப் பாருங்கள். அது முற்றிலும் தலைகீழாக வர வேண்டுமானால் 52 ஏறு தொடர்கள் வேண்டும். ஐந்து முறை கலைத்தால் 32தான் கிடைக்கும். ஆகவே ஐந்து முறை கலைத்த கட்டு தலைகீழ் வரிசையை அடைவது நடவாத காரியம். அது மட்டுமா? 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்ட எண். அவற்றுள் 32 ஏறு தொடர்களுக்கு மேற்பட்டவை எதுவும் ஐந்து கலைப்புக்குள் வரா. எல்லா அடுக்குகளுக்கும் சம வாய்ப்பு என்று சொல்லிக்கொண்டு ஆடுகிறோம். உண்மையில் பல அடுக்குகளுக்கு வாய்ப்பே இல்லை.

இந்த ஏறு தொடர்களைச் சீட்டு வித்தைக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். சார்லஸ் ஜோர்டான் என்பவர், கட்டைத் தபாலில் அனுப்பி, பார்வையாளரையே கலைக்கச் சொல்லி, ஒரு சீட்டை இடம் மாற்றி வைக்கச் சொல்லித் திருப்பி வாங்கி, எந்தச் சீட்டு என்று சொல்லிவிடுவார். ஏறு தொடர்களுள் சேராமல் தனித்து நிற்கும் சீட்டுதான் அது. வித்தைக்காரரின் இந்தக் கைப்பொருளைக் கணிதமாக்கியதே டயகோனிசின் சாதனை. கலைத்தலுக்கு கில்பர்ட், ஷானன், ரீட்ஸ் ஆகியோர் வகுத்த மாதிரியை எடுத்துக்கொண்டு, டேவ் பேயருடன் சேர்ந்து அவர் 1992இல் வெளியிட்ட கட்டுரை, கலைப்புகளின் எண்ணிக்கைக்கும் கலைவின் அளவுக்கும் உள்ள தொடர்பைத் துல்லியமாகக் கணக்கிட்டது.

அவர்கள் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டார்கள். சற்றும் கலையாத கட்டுக்கு அளவு 1. முழுதும் கலைந்த கட்டுக்கு 0. நான்கு முறை வரை கலைத்தாலும் அளவு ஏறத்தாழ 1ஆகவே நிற்கிறது. ஐந்தாம் முறை 0.924, ஆறாம் முறை 0.614, ஏழாம் முறை 0.334, எட்டாம் முறை 0.167, ஒன்பதாம் முறை 0.085, பத்தாம் முறை 0.043. அதாவது முதலில் வெகுநேரம் ஒன்றுமே நடவாதது போல் இருந்து, பிறகு திடீரெனச் சரிகிறது. இந்தத் திடீர்ச் சரிவைக் கண்டு காட்டியதுதான் ஆழமான விஷயம். இதே நடத்தை வேறு பல கலவை முறைகளிலும் உண்டு என்று டயகோனிசும் பிறரும் பின்னர் நிறுவினார்கள்.

ஏழு என்ற எண்ணின் மயக்கம்

1990 ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளேடு இம்முடிவைப் பெரிதாக வெளியிட்டது. அதன்பின் "ஏழு முறை கலைத்தால் போதும்" என்பது வேதவாக்கு ஆகிவிட்டது. இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

மேலே தந்த எண்களை மறுபடி பாருங்கள். ஏழாம் முறையில் அளவு 0.334. இது சுழியன் அன்று. மூன்றில் ஒரு பங்கு. சரிவு தொடங்கிவிட்டது என்பதற்கு இது அடையாளமேயன்றி, முடிந்துவிட்டது என்பதற்கு அன்று. பீட்டர் டாயில் என்ற கணித அறிஞர் இதை வேடிக்கையாகவே காட்டினார். புதுக் கட்டை ஏழு முறை கலைத்து ஆடும் ஒரு தனியாள் ஆட்டத்தை அவர் அமைத்தார். கட்டு உண்மையாகவே கலைந்திருந்தால் வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதி. ஏழு கலைப்புக்குப் பின்னோ ஒரு பக்கம் சுமார் 80 சதவீதம் வெல்கிறது!

மறுபுறம், சில ஆட்டங்களுக்கு ஏழு முறை தேவையே இல்லை. இஸ்பேட்டா, ஆட்டினா என்று பாராமல் எண்ணை மட்டும் பார்க்கும் ஆட்டத்தில் குறைவான கலைப்பே போதும். இதை 2011இல் சாமி ஆசாஃபும் டயகோனிசும் கே. சௌந்தரராஜனும் சேர்ந்து நிறுவினார்கள். சௌந்தரராஜன் சென்னையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற எண்ணியல் அறிஞர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆக, "எத்தனை முறை?" என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. "எதற்காக?" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகும். ஏழு என்ற எண்ணைப் பரப்பியவர்கள் அரைக் கேள்விக்கு விடை தந்தார்கள். மறுபாதியையும் நிரப்பியவர்களுள் டயகோனிஸ் ஒருவர் என்பது அவருக்குப் பெருமை.

குலுக்கல் பிழைத்தால்

"சீட்டாட்டத்துக்கு இத்தனை கணக்கா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. வியட்நாம் போர் நடந்த காலத்தில், 1969 டிசம்பர் 1ஆம் நாள், அமெரிக்க அரசு இளைஞர்களைப் படைக்கு அழைக்கும் வரிசையைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தது. ஆண்டின் 366 பிறந்த நாட்களையும் 366 குப்பிகளில் இட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்த நாளில் பிறந்தவர்கள் முதலில் போக வேண்டும். ஆனால் குப்பிகளை மாத வாரியாகப் பெட்டியில் இட்டவர்கள் அவற்றைப் போதிய அளவு கலக்கவில்லை. கடைசி மாதங்களின் குப்பிகள் மேலேயே தங்கிவிட்டன. நேர்மையான குலுக்கலில் ஒவ்வொரு மாதத்தின் சராசரி எண்ணும் 183.5ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்தோருக்குக் கிடைத்த சராசரி 201.2. டிசம்பரில் பிறந்தோருக்கோ 121.5. அந்தக் குலுக்கலின்படி 195ஆம் எண் வரை அழைக்கப்பட்டார்கள். டிசம்பரில் பிறந்த ஒரே குற்றத்துக்காக எத்தனை பேர் போர்முனைக்குப் போனார்களோ! யாரும் மோசடி செய்யவில்லை. "கலந்தது போதும்" என்று ஒருவர் நினைத்தார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டுக் குலுக்கலில் முறை திருத்தப்பட்டது.

நோயாளிகளை இரு பிரிவாக்கி மருந்தைச் சோதிக்கும்போதும் இதே சிக்கல்தான். குலுக்கல் பிழைத்தால் மருந்தின் முடிவும் பிழைக்கும். "தற்செயல்" என்பது தானாக வருவதன்று. முயன்று உண்டாக்க வேண்டியது. இதுவே டயகோனிசின் ஆராய்ச்சி முழுவதும் ஓடும் இழை.

சூதாட்ட மண்டபங்களுக்குச் சீட்டுக் கலைக்கும் எந்திரம் செய்த ஒரு நிறுவனம், தன் எந்திரத்தைச் சோதிக்கும்படி டயகோனிசையும் அவருடைய துணைவியாரான புள்ளியியல் அறிஞர் சூசன் ஹோம்சையும் கேட்டுக்கொண்டது. பத்துத் தட்டுகள் கொண்ட எந்திரம் அது. ஒவ்வொரு சீட்டும் ஏதோ ஒரு தட்டில், அங்கிருக்கும் சீட்டுகளின் மேலோ கீழோ போய்ச் சேரும். ஒரே சுற்றில் கட்டு கலைந்துவிடும் என்று நிறுவனம் நம்பியது. சோதனை எளியது. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது அடுத்த சீட்டு எது என்று ஊகிக்க வேண்டும். நன்கு கலைந்த கட்டில் 52க்குச் சராசரியாக நாலரைதான் சரியாக ஊகிக்க முடியும். எந்திரம் கலைத்த கட்டிலோ ஒன்பதரை வரை ஊகிக்கலாம் என்று கணக்கு காட்டியது. பணம் கொடுத்தவர்களுக்குப் பிடிக்காத முடிவு. ஆனாலும் அதை மறைக்காமல் சொன்னார்கள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆராய்ச்சியின் நெறி இதுவன்றி வேறென்ன?

பூவா, தலையா?

நாணயம் சுண்டுவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2007இல் டயகோனிஸ், ஹோம்ஸ், ரிச்சர்டு மாண்ட்கோமரி ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை, கையால் சுண்டிப் பிடிக்கும் நாணயம் தொடக்கத்தில் மேலே இருந்த பக்கத்தையே சற்று மிகுதியாகக் காட்டும் என்று கூறியது. காரணம், நாணயம் குட்டிக்கரணம் போடுவதோடு பம்பரத்தைப் போலத் தலையாட்டவும் செய்கிறது. ஆகவே தொடக்கத்து மேல்பக்கம் காற்றில் சற்றுக் கூடுதல் நேரம் மேல்நோக்கியே இருக்கிறது. அவர்கள் கணித்த வாய்ப்பு சுமார் 51 சதவீதம்.

கணித்தது ஒன்று, கண்டது ஒன்றாக இருக்கலாம் அல்லவா? நூற்றுக்கு ஒன்று என்ற வேறுபாட்டைக் காணச் சில நூறு முறை சுண்டினால் போதாது. 2023இல் பார்ட்டோஷ் என்பவரின் தலைமையில் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை நாணயம் சுண்டினார்கள். கிடைத்த விடை 50.8 சதவீதம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் போட்ட கணக்கு கையளவில் சரியாக வந்தது. தம் கூற்றைப் பிறர் சோதிக்கத்தக்க எண்ணாகச் சொல்லிவைப்பதே அறிவியல். "சில சமயம் அப்படி, சில சமயம் இப்படி" என்று சொல்லியிருந்தால் யார் சோதித்திருக்க முடியும்?

ஞானதிருஷ்டியும் கணக்கும்

1978இல் 'சயன்ஸ்' இதழில் டயகோனிஸ் எழுதிய கட்டுரை புலன் கடந்த அறிவு பற்றிய சோதனைகளைக் குறித்தது. மூடிய சீட்டைப் பாராமலே அறிவோம் என்போரைச் சோதித்த ஆய்வுகளில் இருந்த ஓட்டைகளை அவர் எடுத்துக் காட்டினார். வித்தைக்காரர் என்பதால் கையின் தந்திரம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. புள்ளியியலார் என்பதால் கணக்கின் தந்திரமும் தப்பவில்லை.

கணக்கின் தந்திரம் என்ன என்கிறீர்களா? ஐந்து குறிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து சீட்டு, ஆக 25 சீட்டு. குருட்டாம்போக்காகச் சொன்னால் சராசரியாக 5 சரியாகும். ஆனால் ஒவ்வொரு முறை சொன்னதும் சீட்டைத் திறந்து காட்டினால், போனவை எவை, மிஞ்சியவை எவை என்று நினைவில் வைத்துக்கொள்பவர் சராசரியாக 8.65 வரை சரியாகச் சொல்லலாம். தெய்வீக சக்தி வேண்டாம், ஞாபக சக்தி போதும்! மேலும், எது நடந்தால் வெற்றி என்பதை முன்னதாகவே எழுதிவைக்காவிட்டால், எது நடந்தாலும் அதையே வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மோஸ்டெல்லருடன் 1989இல் எழுதிய கட்டுரையில் "தற்செயல் ஒற்றுமைகள்" பற்றியும் இதே பார்வை. நியூ ஜெர்சியில் ஒரு பெண்மணிக்கு லாட்டரிப் பெரும் பரிசு இருமுறை விழுந்தபோது, "பதினேழு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு" என்று செய்தி வந்தது. அந்தப் பெண்மணியே, அந்த இரண்டு சீட்டுகளிலேயே வெல்வதற்கான வாய்ப்பு அது. நாடு முழுவதும் சீட்டு வாங்கும் கோடிக்கணக்கானோருள் யாரோ ஒருவர் ஏழாண்டுக்குள் இருமுறை வெல்லும் வாய்ப்போ பாதிக்கும் மேல். கூட்டம் போதிய அளவு பெரிதானால் எந்த அதிசயமும் நடக்கும்.

வித்தை நூல்

2011இல் டயகோனிசும் ரான் கிரகாமும் சேர்ந்து வெளியிட்ட 'மேஜிக்கல் மேத்தமேட்டிக்ஸ்' நூல் 2013இல் ஆய்லர் நூல் பரிசைப் பெற்றது. கிரகாம் கணித அறிஞர் மட்டுமல்லர், பந்துகளை வீசிப் பிடிப்பதில் வல்லவர். நூலில் வரும் கில்பிரெத் தத்துவத்தை நீங்களே செய்து பார்க்கலாம். கட்டைச் சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். நண்பரிடம் கொடுத்து, மேலிருந்து விரும்பிய அளவு சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பின் அந்த இரண்டு பகுதிகளையும் ஒருமுறை கோத்துக் கலைக்கட்டும். இப்போது மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு! எண்ணி வைத்ததில் ஒரு பகுதி தலைகீழாகிறது. ஆகவே இரு பகுதிகளின் மேல்சீட்டுகளும் எதிர் நிறம். அங்கிருந்து காரணத்தை நீங்களே தொடர்ந்து கண்டுபிடியுங்கள்.

நூலில் குறையும் உண்டு. எளிதாகத் தொடங்கும் அத்தியாயம் சில பக்கங்களில் செங்குத்தாக ஏறிவிடுகிறது. வித்தைக்காரர்களின் வரலாறு அவர்களை அறியாதவர்க்கு நீளமாகப் படும். எனினும், இரகசியம் காப்பதே வித்தைக்காரரின் தருமம். அனைத்தையும் வெளியிடுவதே விஞ்ஞானியின் தருமம். இரண்டையும் ஒரே நூலில் இணக்கமாக்கியிருப்பது அரிய செயல். தந்திரம் தெரிந்த பின்னும் வியப்பு குறையவில்லை என்பதை நூல் நிறுவிவிடுகிறது.

கதையை எப்படிப் படிப்பது?

கடைசியாக ஒன்று. டயகோனிசின் கதையைப் படிப்போர் சிலர், "பிடில் பயின்றதால் கணிதம் வந்தது" என்பார்கள். சிலர், "பதினான்கு வயதில் பள்ளியை விட்டதால் மேதையானார்" என்பார்கள். இரண்டையும் அவருடைய அளவுகோலாலேயே அளந்து பாருங்கள். ஜூலியார்டில் பிடில் பயின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் புள்ளியியலார் ஆனவர் எத்தனை பேர்? பள்ளியை விட்டு ஓடிய சிறுவர்கள் எத்தனை ஆயிரம்? அவர்களுள் ஹார்வர்டு சென்றவர் யார்? லாட்டரியில் இருமுறை வென்றவரைக் கண்டு சீட்டு வாங்குவதற்கும், வென்ற மேதையைக் கண்டு பள்ளியை விடுவதற்கும் வேறுபாடு இல்லை.

அவர் கதையில் நாம் கொள்ளத்தக்கது வேறு. படிக்க முடியாத ஒரு புத்தகத்தைத் தூக்கி எறியாமல், அதைப் படிப்பதற்காக இருபத்து நான்காம் வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாரே, அது. மேடையில் பயன்பட்ட அற்பப் பொருள் என்று சீட்டுக் கட்டை ஒதுக்காமல், அதிலேயே ஆழ்ந்த கேள்வியைக் கண்டாரே, அது. ஒருவர் செய்தார் என்பதற்காக அல்ல, செய்வதற்குத் தகுந்தவை என்பதற்காகவே இவற்றை நாமும் செய்யலாம். அடுத்த முறை யாராவது, "நன்றாகக் கலந்தாயிற்று, நம்புங்கள்" என்று சொன்னால், அது சீட்டாக இருந்தாலும் சரி, குலுக்கலாக இருந்தாலும் சரி, புள்ளிவிவரமாக இருந்தாலும் சரி, "எப்படிக் கலந்தீர்கள், எத்தனை முறை?" என்று கேளுங்கள்.